ஓரா வொஷிங்டன்: வரலாறு மறந்த வீராங்கனை

ஹட்டனில் மழை பெய்தால் எங்கள் மைதானத்தில் முதலில் அழிவது வலைப்பந்தாட்டக் கோடுகள்தான். மறுநாள் மாலை சுண்ணாம்புத் தூளால் திரும்பவும் கோடு போட்டுவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குவோம். மைதானத்தை மூன்றாகப் பிரிக்கும் அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று ஒருநாள் தேடப் போனேன். அந்தத் தேடலில்தான் ஓரா வொஷிங்டன் என்ற பெண்ணை அறிந்துகொண்டேன்.

கூடைப்பந்தாட்டத்தை 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். அடுத்த வருடமே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தமது மகளிர் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். பெண்கள் அதிகம் ஓடிக் களைத்துவிடக் கூடாது என்று எண்ணி மைதானத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். பெண்கள் ஆடிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துக்குப் போய் வலைப்பந்தாட்டமாக மாறியது. அதுதான் நமது பாடசாலைகளுக்கும் வந்தது. ஆகவே, நாம் ஆடுவது ஓரா ஆடிய ஆட்டத்தின் தங்கை எனலாம்.

ஓரா வொஷிங்டன் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், கரோலைன் என்ற பகுதியில், ஒரு கறுப்பின விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். அவர் பிறந்த காலத்தில் அந்த மாநிலம் பிறப்புகளைப் பதிவு செய்வதையே நிறுத்தியிருந்தது. அதனால் அவருடைய பிறந்த திகதிக்கு ஆவணம் இல்லை. 1900ஆம் ஆண்டை ஒட்டியது என்று மட்டும் சொல்கிறார்கள். இதை வாசித்தபோது நமது மலையகத்து முதியோரை நினைத்துக்கொண்டேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்த மண்ணில் பிறந்ததற்குக் காட்டக் காகிதம் இல்லாமல் எத்தனை தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நாடற்றவர்களாயின!

தெற்கின் வறுமைக்கும் இன ஒதுக்கலுக்கும் தப்பி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே நகரங்களுக்குப் போன காலம் அது. ஓராவும் பிலடெல்பியா நகரின் ஜேர்மன்டவுன் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருடைய சகோதரி ஒருவர் இறந்துபோனார். அந்தத் துயரத்தை ஆற்றிக்கொள்ளத்தான், இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தில் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

அப்போது வெள்ளையரின் டென்னிஸ் சங்கம் கறுப்பினத்தவரைத் தன் போட்டிகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர்கள் 1916ஆம் ஆண்டு தமக்கென அமெரிக்க டென்னிஸ் சங்கத்தை ஆரம்பித்திருந்தார்கள். அதன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை ஓரா 1929 முதல் 1935 வரை தொடர்ச்சியாக ஏழு முறையும், 1937இல் எட்டாவது முறையும் வென்றார். இரட்டையர் பட்டத்தை 1925 முதல் 1936 வரை வருடம் தவறாமல் பன்னிரண்டு முறை வென்றார். மட்டையின் பிடியை வழக்கத்தைவிட மேலே பற்றிக்கொண்டு, கையை முழுதாக வீசாமல் அடிப்பது அவருடைய பாணி. போட்டிக்கு முன் பயிற்சி அடிகள் அடிப்பதையும் அவர் விரும்பவில்லை. ஆடத் தொடங்கினால் உடம்பு தானாகச் சூடேறிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

டென்னிஸ் காலம் முடிந்து குளிர்காலம் வந்தால் கூடைப்பந்தாட்டம். 1930-31 பருவத்தில் ஜேர்மன்டவுன் ஹோர்னெட்ஸ் அணிக்காக ஆடினார். அந்த அணி 22 போட்டிகளில் வென்று ஒன்றில் மாத்திரமே தோற்றது. பின்னர் பிலடெல்பியா டிரிபியூன் என்ற கறுப்பினப் பத்திரிகை நடத்திய டிரிபியூன்ஸ் அணியில் சேர்ந்தார். பார்வையாளர்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்த தொழில்முறை அணிகளில் அதுவும் ஒன்று. நடுக்கள வீராங்கனையாக ஆடிய ஓரா, அணியின் தலைவியாகவும் பயிற்றுநராகவும் இருந்தார். ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அந்த அணியை வெல்வது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை.

நம்மைப் போன்ற கல்லூரி மாணவியருக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. வட கரோலினாவில் உள்ள பெனட் கல்லூரி, கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி. அதன் கூடைப்பந்தாட்ட அணி அக்காலத்தில் மிகவும் பெயர் பெற்றது. 1934ஆம் ஆண்டு அந்த மாணவியர் ஓராவின் அணியோடு மூன்று போட்டிகளில் மோதினார்கள். மூன்றிலும் தோற்றார்கள். ஆனாலும் படித்த மாணவியர் அணி ஒன்றும், நாளெல்லாம் உழைத்துப் பிழைத்த ஒரு பெண்ணின் அணியும் ஒரே மைதானத்தில் சரிநிகராக நின்ற அந்த நாட்கள் வரலாற்றில் நின்றுவிட்டன.

ஆம், ஓரா உழைத்துத்தான் பிழைத்தார். அவர் ஒரு வீட்டுப் பணிப்பெண். இத்தனை கிண்ணங்களை வென்றவர், பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்துத்தான் வயிறு வளர்த்தார். ஆட்டத்தில் கிடைத்த பணம் அவருக்குச் சோறு போடவில்லை. அதே காலத்தில் ஹெலன் வில்ஸ் என்ற வெள்ளையினப் பெண் எட்டு முறை விம்பிள்டன் பட்டம் வென்று உலகப் புகழ் அடைந்தார். அவரோடு ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்பது ஓராவின் ஆசை. இவருக்கும் எட்டு, அவருக்கும் எட்டு. ஆனால் அந்தப் போட்டி கடைசிவரை நடக்கவே இல்லை.

1947ஆம் ஆண்டு, நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்த ஓரா, ஜோர்ஜ் ஸ்டுவர்ட்டோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் இறுதிப் போட்டியில் ஆடி வென்றார். தோற்ற இணையில் இருந்தவர் இருபது வயதுகூட நிரம்பாத அல்தியா கிப்சன். மூன்று வருடங்களின் பின், 1950இல், வெள்ளையரின் தேசியப் போட்டிக் கதவு அல்தியாவுக்குத் திறந்தது. 1957இல் அவர் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார். ஓரா தட்டிய கதவு ஓராவுக்குத் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைக்குத் திறந்தது.

ஓரா 1971ஆம் ஆண்டு காலமானார். ஐந்து வருடங்கள் கழித்துக் கறுப்பின விளையாட்டு வீரர்களுக்கான கௌரவ மன்றம் ஒன்று அவரைக் கௌரவிக்க ஏற்பாடு செய்தது. அவர் இறந்துவிட்ட செய்தியே ஏற்பாட்டாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கூடைப்பந்தாட்டத்தின் உயரிய கௌரவமான நெய்ஸ்மித் மன்றம் 2018ஆம் ஆண்டுதான் அவருடைய பெயரைச் சேர்த்துக்கொண்டது.

இதை எழுதும்போது என் மனதில் இன்னொரு முகம் வந்து போகிறது. சென்ற வருடம் ஒரு தோட்டப் பாடசாலை அணி எங்களைத் தோற்கடித்தது. அந்த அணியில் கோலைக் காத்த மாணவியைத் தாண்டி எங்களால் பந்தைப் போடவே முடியவில்லை. கொழுந்து மலையில் ஏறி இறங்கிய கால்கள் அவளுடையவை. இந்த வருடம் அவளைக் காணவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாக அவளுடைய தோழியர் சொன்னார்கள். எங்களுக்கு அன்று போட்டியில் வெற்றி கிடைத்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எவரும் பாட்டுப் பாடவில்லை.

பந்தைப் பிடித்து என்ன கிடைக்கப் போகிறது என்று என் உம்மா அடிக்கடி கேட்பார். முன்பு எனக்குப் பதில் தெரியாது. ஓராவின் கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பணம் கிடைக்கவில்லை, புகழும் காலத்தில் வரவில்லை. ஆனால் பிறர் வீட்டில் தலை குனிந்து வேலை செய்த பெண், மைதானத்துக்குள் வந்ததும் தலை நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வு அவளுக்குக் கிடைத்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சிக்குப் போகும்போது, மழை வரும் என்று குடையை எடுத்துக் கையில் தந்தார்.

பெற்றோர்களே, பரீட்சை முடிந்தால் ஆட்டமும் முடிந்தது என்று எண்ணாதீர்கள். தோழியரே, உங்கள் வீட்டிலோ அயலிலோ வேலை செய்யும் பெண்ணை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அவளுடைய கைகளுக்குள் எந்தக் கிண்ணம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?