காலித் பின் வலீத் (ரலி): பதவி போன பின்னும் களத்தில் நின்றவர்

தோல்வி அறியாத தளபதி என்றே காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் பற்றி மதரஸா நாள் முதல் கேட்டு வந்திருக்கிறோம். அந்தக் கதைகளில் வாளும் குதிரையும்தான் முன்னே நிற்கும். ஒரு கடையை நடத்தி, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்த பிறகு அதே வரலாற்றைப் படித்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. எப்போது பின்வாங்குவது, பொறுப்பை எப்படிப் பகிர்வது, பொறுப்பு கைவிட்டுப் போனால் எப்படி நடந்துகொள்வது என்ற மூன்றுக்கும் அவர் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது.

மக்காவில் குறைஷிக் குலத்தின் மக்ஸூம் கிளையில் பிறந்தவர் காலித். 625-ல் நடந்த உஹதுப் போரில் அவர் எதிரணியில் குதிரைப்படைத் தலைவராக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் 50 வில்லாளர்களை ஒரு குன்றின்மேல் நிறுத்தி, வெற்றியானாலும் தோல்வியானாலும் சொல்லி அனுப்பும்வரை நகரக்கூடாது என்று கட்டளையிட்டிருந்தார்கள். குறைஷியர் சிதறுவதைக் கண்டதும் வில்லாளர்களில் பெரும்பாலோர் போர்ப் பொருள்களைச் சேகரிக்க இறங்கிவிட்டார்கள். அந்தக் குன்று காலியானதைக் காலித் பார்த்துவிட்டார். சுற்றி வந்து பின்புறம் தாக்கினார். போரின் போக்கே மாறிப்போனது. வேலை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில்தான் காவல் தளர்கிறது. பெருநாள் வியாபாரம் முடிந்த இரவில் கல்லாவையும் சரக்கறையையும் யார் பார்ப்பது என்று முன்கூட்டியே சொல்லி வைக்காத கடைக்காரருக்கு இது நன்றாகப் புரியும்.

629-ல் காலித் இஸ்லாத்தைத் தழுவினார். சில மாதங்களில் மூத்தா போர் வந்தது. இன்றைய ஜோர்டான் நாட்டில் உள்ள அந்த இடத்துக்கு 3,000 முஸ்லிம்கள் சென்றார்கள். எதிரே நின்றது பல மடங்கு பெரிய படை. நபி (ஸல்) அவர்கள் நியமித்த ஸைத் பின் ஹாரிஸா, ஜஃபர் பின் அபூதாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தலைவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதானார்கள். படைவீரர்கள் காலிதைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அந்தப் படையில் புதியவர். வீரத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை இருந்திருந்தால் அங்கேயே அனைவரையும் பலி கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வலப்பக்க அணியை இடப்பக்கமும் முன்னணியைப் பின்னுக்கும் மாற்றி நிறுத்தினார். மறுநாள் காலையில் புதிய முகங்களைக் கண்ட எதிரிகள், துணைப்படை வந்துவிட்டதாக எண்ணித் தயங்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திப் படையைப் பத்திரமாக மீட்டு வந்தார்.

மதீனாவில் சிலர் அவர்களை ஓடி வந்தவர்கள் என்று ஏசினார்கள். நபி (ஸல்) அவர்களோ அப்படியல்ல, இவர்கள் மீண்டும் களம் காண்பவர்கள் என்று ஆதரித்துப் பேசினார்கள். அல்லாஹ்வின் வாள் என்ற சிறப்புப் பெயர் காலிதுக்குக் கிடைத்தது இந்தப் போரை ஒட்டித்தான். நட்டத்தில் ஓடும் கிளையை மூடினால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, கடன்மேல் கடன் வாங்கும் வியாபாரிகள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அதன்பின் யமாமா, இராக், பாலைவனத்தைக் கடந்து ஷாம் தேசம் என வெற்றிகள் தொடர்ந்தன. 634-ல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் மறைந்தார்கள். அடுத்து வந்த உமர் (ரலி) அவர்கள், காலிதை ஷாம் படையின் தலைமையிலிருந்து நீக்கி அபூஉபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். உச்சத்தில் இருந்த தளபதி, இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிய நிலை. காலித் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. தனியணி சேர்க்கவும் இல்லை. அபூஉபைதாவும் அவரை ஒதுக்கவில்லை. 636-ல் யர்மூக்கில் ஆறு நாள் நடந்த போரில் களத்தை நடத்தும் பொறுப்பை அவரிடமே விட்டார்கள். காலித் ஒரு குதிரைப் பிரிவைப் பின்னால் தயாராக வைத்துக்கொண்டு, வரிசை எங்கே உடைகிறதோ அங்கே விரைந்தார். திறமை ஒருவரிடமும் பதவி ஒருவரிடமும் இருந்து, இருவருக்கும் மனத்தாங்கல் இல்லாததால் அந்தப் போர் வென்றது.

யர்மூக்குக்கு முன் ஹிம்ஸ் நகரிலிருந்து படை பின்வாங்க நேர்ந்தது. உங்களைப் பாதுகாக்க இப்போது எங்களால் இயலாது என்று சொல்லி, அந்நகர மக்களிடம் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று பலாதுரீ பதிவு செய்திருக்கிறார். சரக்கு அனுப்ப முடியாதபோது முன்பணத்தைக் கேட்குமுன்பே திருப்பித் தருவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எது?

638-ஐ ஒட்டிக் காலித் பதவியிலிருந்து முழுமையாக நீக்கப்பட்டார். ஒருவருக்கு 10,000 திர்ஹம் அன்பளிப்பு கொடுத்தது பற்றிய விசாரணை அதற்கு முன் நடந்தது. ஆனால் உமர் (ரலி) அவர்கள் பல ஊர்களுக்கும் எழுதி அறிவித்த காரணம் வேறு. கோபத்தாலோ மோசடியாலோ அவரை நீக்கவில்லை. வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருவதை மறந்து மக்கள் ஒரு மனிதரையே நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று விளக்கினார்கள். இதில் முதலாளிகளுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. விலையும் வாடிக்கையாளரும் ஒரே ஊழியருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் அந்தக் கடைக்கு ஆபத்து. அடுத்தது, ஒருவரைப் பொறுப்பிலிருந்து இறக்கும்போது அவர் மானத்தைக் காப்பதும் இறக்கியவரின் கடமை.

642-ல் காலித் (ரலி) அவர்கள் படுக்கையில் உயிர் நீத்தார்கள். அது ஹிம்ஸில் நடந்தது என்பது பரவலான கருத்து. உடலெங்கும் போர்த் தழும்புகள் இருந்தும் களத்தில் ஷஹீதாகவில்லையே என்பதே அவர்களுடைய கடைசி வருத்தம். விட்டுச் சென்றது குதிரையும் ஆயுதங்களும் போன்ற சிலவே. தம் வஸிய்யத்தை நிறைவேற்றும் பொறுப்பை, தம்மைப் பதவியிலிருந்து நீக்கிய உமர் (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள் என்றும் பதிவாகியுள்ளது.

ஒரு சங்கம் 50 ஆண்டு நிலைப்பது தலைவர்களால் மட்டுமல்ல. தலைவராக இருந்து இறங்கிய பிறகும் கூட்டத்துக்கு வந்து, அடுத்தவர் சொல்லும் வேலையை முகம் சுளிக்காமல் செய்பவர்களாலும்தான். அப்படிப்பட்ட மனத்தை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.