எந்த ஸலாஹுத்தீனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறீர்கள்?



வீரர் கதை கேட்கப் பிரியப்படாத குழந்தை எந்த வீட்டிலும் இல்லை. இஸ்லாமிய வரலாற்றின் வீரர்களை நினைத்த மாத்திரத்திலேயே சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் திருப்பெயர் நம் நாவில் எழுகின்றது. ஹித்தீன் களத்தில் வென்றார்கள், பைத்துல் முகத்தஸை மீட்டார்கள் என்று இரண்டே வரியில் சொல்லி முடித்தும் விடுகிறோம். கேட்ட குழந்தையின் உள்ளத்தில் எஞ்சுவது வாள் ஒன்றுதான். மறுநாள் காலையில் அது ஒரு குச்சியை வாளாக்கிக்கொண்டு தன் தம்பியைத் துரத்துகின்றது. தவறு குழந்தையுடையதா, நாம் சொன்ன கதையினுடையதா? சிந்தித்துப் பாருங்கள்.

அப்பெருமகனாரின் வாழ்வைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

ஹிஜ்ரி 532-ஆம் ஆண்டில் (கி.பி. 1137-38) ஈராக்கின் தைகிரீஸ் நதிக்கரையிலுள்ள திக்ரீத் கோட்டையில் ஒரு குர்திஷ் குடும்பத்தில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் அய்யூப் அக்கோட்டையின் அதிகாரி. சகோதரர் ஷீர்கூஹ் செய்துவிட்ட ஒரு கொலையின் காரணமாக அக்குடும்பம் பதவியிழந்து ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த இரவில்தான் இக்குழந்தை பிறந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். ஆக, நம் வீரரின் வாழ்வு அரியணையில் தொடங்கவில்லை. அகதியின் வழிப்பயணத்தில் தொடங்கியது.

பஅல்பக்கிலும் டமாஸ்கஸிலும் அவர்கள் வளர்ந்தார்கள். திருக்குர்ஆனையும் மார்க்கக் கல்வியையும் அரபுக் கவிதைகளையும் கற்றார்கள். எகிப்துப் படையெடுப்பின்போது சிறிய தந்தை ஷீர்கூஹுடன் புறப்படக்கூட அவர்களுக்கு மனம் இருக்கவில்லை. ஆயினும், 1169-இல் ஷீர்கூஹ் காலமானதும் எகிப்தின் அமைச்சர் பொறுப்பு அவர்களைத் தேடி வந்தது. மறு ஆண்டில் தந்தையார் அங்கு வந்து சேர்ந்தபோது மைந்தர் செய்தது என்ன தெரியுமா? தமது பதவியையே தந்தையிடம் ஒப்படைக்க முன்வந்தார்கள். இறைவன் யாரை அப்பொறுப்புக்குத் தேர்ந்தானோ அவரே அதனை வகிக்க வேண்டும் என்று கருதித் தந்தையார் மறுத்துவிட்டார். நாடாளும் மகன் தந்தைக்கு இடம் தருகின்றான். தந்தையோ மகனின் தகுதிக்கு இடம் தருகின்றார். உங்கள் இல்லத்தில் சொல்லத்தக்க காட்சியல்லவா இது?

ஆட்சி கைக்கு வந்தபின் அவர்கள் கோட்டைகளை மட்டும் கட்டவில்லை, கல்விக்கூடங்களையும் கட்டினார்கள். காஹிராவில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்திற்கு அருகே ஒரு மத்ரஸாவை நிறுவினார்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களின் பிள்ளைகளுக்கு இதனை அவசியம் எடுத்துக் கூறுங்கள்.

இனி பைத்துல் முகத்தஸின் வரலாற்றுக்கு வருவோம். 1099-இல் சிலுவைப் படையினர் அந்நகரில் நுழைந்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆண், பெண் பாராது கொன்று குவித்தனர். 88 ஆண்டுகள் கடந்து, 1187 ஜூலையில் ஹித்தீனில் வென்ற சுல்தான் அவர்கள் செப்டம்பரில் அந்நகரை முற்றுகையிட்டார்கள். முன்னோர் சிந்திய இரத்தத்திற்கு ஈடாக நகரை வாளால் கைப்பற்றவே முதலில் உறுதி கொண்டிருந்தார்கள். நகரைக் காத்து நின்ற பாலியன், பணிய வழியில்லையெனில் புனிதத் தலங்களை இடித்து, உள்ளிருக்கும் முஸ்லிம் கைதிகளையும் கொன்றுவிட்டே மடிவோம் என்று எச்சரித்தார். சுல்தான் அவர்கள் ஆலோசனை கலந்து, பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். ஹிஜ்ரி 583, ரஜப் 27, வெள்ளிக்கிழமை (2-10-1187) அன்று நகரம் பணிந்தது. படுகொலை எதுவும் நிகழவில்லை.

ஆணுக்குப் பத்துத் தீனார், பெண்ணுக்கு ஐந்து, குழந்தைக்கு அதனினும் சொற்பம் என மீட்புத் தொகை விதிக்கப்பட்டது. ஏழைகள் ஏழாயிரம் பேருக்கு முப்பதாயிரம் தீனார் மொத்தமாக ஏற்கப்பட்டது. சகோதரர் ஆதில் ஆயிரம் பேரைக் கேட்டுப் பெற்று விடுதலை செய்தார். முதியோரைச் சுல்தான் அவர்களே விடுவித்தார்கள். கணவரை இழந்த பெண்களுக்குத் தம் செல்வத்திலிருந்து வழங்கினார்கள். அப்படியும் மீட்புத் தொகையின்றிப் பல்லாயிரவர் அடிமைகளாயினர் என்பதும், ஹித்தீனில் சிறைப்பட்ட துறவி வீரர்கள் கொல்லப்பட்டனர் என்பதும் வரலாறே. பிள்ளைகள் வளர்ந்து வினவும் வயதில் இவற்றை மறைக்காதீர்கள். மறைத்துச் சொன்ன பெருமை, உண்மை தெரியும் நாளில் உடைந்துபோகும். அந்தப் போர்க்காலத்தின் வழக்கங்களுக்கு நடுவில்தான் அவர்களின் இரக்கம் ஒளிர்ந்தது என்பதை அவர்களே உணர்ந்து கொள்வார்கள்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்கிறீர்களா? அக்கா முற்றுகையின் காலத்தில் பகைவர் முகாமிலிருந்து ஒரு தாய் அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய மூன்று மாதக் கைக்குழந்தையை இரவில் களவாடிச் சென்றுவிட்டனர். சுல்தான் அவர்களின் கண்கள் கலங்கின. குழந்தை சந்தையில் விற்கப்பட்டிருந்தது. வாங்கியவருக்கு விலையைக் கொடுத்து மீட்டுத் தாயின் மடியில் சேர்ப்பித்து, அவளைக் குதிரையில் ஏற்றி அவளுடைய முகாமுக்கே அனுப்பி வைத்தார்கள். உடனிருந்து கண்ட காஸி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதி வைத்த செய்தி இது.

அதே காஸி இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறார். மார்க்கத்தின் அடிப்படைக் கொள்கைகளை ஓர் அறிஞர் சுல்தானுக்காகச் சிறு நூலாகத் தொகுத்துக் கொடுத்திருந்தார். அதனைத் தம் இளம் பிள்ளைகளுக்கு அவர்களே கற்பித்து, மனனமாக ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார்களாம். இறுதிக் காலத்தில் ஒருநாள், தம் சிறு மகனுடன் விளையாடிக் கொண்டிருந்தபோது அந்நிய நாட்டுத் தூதர்கள் வந்தனர். தாடி மழித்த அவர்களின் முகங்களைக் கண்டு குழந்தை அழுதது. சுல்தான் அவர்கள் தூதர்களிடம் பொறுத்தருளக் கூறி, அவர்களுடைய பேச்சைக் கேளாமலே அனுப்பிவிட்டார்கள். இரு பெரும் நாடுகளை ஆண்டவருக்குக் குழந்தையின் அருகில் அமர நேரம் இருந்தது. நமக்கு நேரமில்லை என்று எப்படிக் கூறுவோம்?

1193 மார்ச் 4-ஆம் நாள் டமாஸ்கஸில் அவர்கள் வபாத்தானார்கள். கருவூலத்தில் அவர்கள் விட்டுச் சென்றவை 47 திர்ஹங்களும் ஒரு பொற்காசுமே. சொந்தமாக வீடில்லை, நிலமில்லை, தோட்டமில்லை.

பள்ளிக்கூடப் பாடநூல் போரின் ஆண்டைச் சொல்லும். தேர்வுக்கு அது வேண்டியதுதான். வென்றபின் வீரர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் வீடு. அழுத தாயின் கதையைச் சிறு பிள்ளைக்குச் சொல்லுங்கள். நகரம் பணிந்த நாளின் கதையைப் பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 47 திர்ஹங்களின் கணக்கைச் சம்பாதிக்கத் தொடங்கும் மகனுக்குச் சொல்லுங்கள். பிறகு, குச்சியை எடுத்துத் தம்பியைத் துரத்தும் குழந்தையை நிறுத்தி, ஸலாஹுத்தீன் அவர்கள் இவ்விடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று கேளுங்கள். அது தரும் விடையில் உங்கள் பாடத்தின் பலனைக் காண்பீர்கள்.

வலிமையோடு இரக்கத்தையும் நம் மக்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.