எதிரியைப் பார்த்துச் சுடுவதா, சைட்டைப் பார்த்துச் சுடுவதா? போலீஸ் பயிற்சியையே மாற்றிய ஃபேர்பேர்ன் யார்?

இருட்டான சந்து. வெறும் 12 அடி தூரத்தில் துப்பாக்கியோடு ஒருவன். சுட வேண்டிய போலீஸ்காரருக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்தில் அவர் எதைப் பார்க்கணும்? கையில் இருக்கும் துப்பாக்கியையா, எதிரே நிற்பவனையா?

உயிர் போகும் இந்தக் கேள்விக்கு ஷாங்காய் தெருக்களில் விடை தேடியவர்தான் வில்லியம் யூவர்ட் ஃபேர்பேர்ன்.

சைட் என்றால் என்ன?

பிஸ்டலின் மேல் பின்பக்கம் ஒரு சிறிய பள்ளமும், முன்பக்கம் ஒரு சிறிய மேடும் இருக்கும். இதற்குப் பெயர்தான் சைட். இரண்டையும் இலக்கோடு ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து சுட்டால் தோட்டா சரியாகப் போய்ச் சேரும். ஆனா, அதுக்கு வெளிச்சம் வேணும், நேரம் வேணும், நிதானமும் வேணும்.

யார் இந்த ஃபேர்பேர்ன்?

1885-ல் இங்கிலாந்தின் ரிக்மன்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தவர். 1901-ல் கடற்படையின் மரைன் பிரிவில் சேர்ந்தார். கொரியாவில் பிரிட்டிஷ் தூதரகக் காவலில் இருந்த பிறகு, 1907-ல் ஷாங்காய் முனிசிபல் போலீஸுக்கு மாறினார்.

அப்போது ஷாங்காயின் ஒரு பகுதி வெளிநாட்டவர் நிர்வாகத்தில் இருந்தது. பிரிட்டிஷார், சீனர்கள், சீக்கியர்கள் எனப் பலரும் அந்தப் போலீஸில் வேலை பார்த்தார்கள். அபின் கடத்தல், ஆள்கடத்தல், ஆயுதக் கொள்ளை என நகரமே கொதித்துக்கொண்டிருந்தது.

அப்படி என்ன மாற்றினார்?

அதுவரை பயிற்சி என்றால் பக்கவாட்டில் நின்று, கையை நீட்டி, வட்டப் பலகையை நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதுதான். தெருவில் நடந்ததோ வேறு. பெரும்பாலான மோதல்கள் 4 கெஜ தூரத்துக்குள், மங்கிய வெளிச்சத்தில், நொடிகளில் முடிந்தன.

ஆபத்து வந்தால் மனிதன் இயல்பாகவே கொஞ்சம் குனிவான், எதிரியை நேருக்கு நேர் பார்ப்பான், கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். இந்த இயல்பை எதிர்த்துப் போராடாமல், அதையே பயிற்சியாக மாற்றினார் ஃபேர்பேர்ன். இரண்டு கண்களும் எதிரி மீது இருக்கும். துப்பாக்கி உடலின் நடுக்கோட்டில் மேலே எழும்பும். அடுத்தடுத்து இரண்டு முறை சுட வேண்டும்.

இதற்காகவே தனி வீடு ஒன்றையும் பயன்படுத்தினார். அரைகுறை வெளிச்சத்தில் நடந்து போகும்போது திடீரென பொம்மைகள் முளைக்கும். யோசிக்க நேரமே இருக்காது.

அப்போ சைட்டே வேண்டாம் என்றாரா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். தூரமும் நேரமும் இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து, கிடைத்த இடத்தில் கையைத் தாங்கவைத்து, குறிபார்த்துச் சுடுங்கள் என்றுதான் அவர் கற்றுக்கொடுத்தார்.

எரிக் சைக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1942-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டரை ஆண்டுகளில் 666 ஆயுத மோதல்கள். அதாவது கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று. கொல்லப்பட்ட குற்றவாளிகள் 260 பேர், போலீஸார் 42 பேர்.

இந்த எண்ணிக்கை மட்டுமே அவர் முறை சரி என்பதற்கு ஆதாரம் ஆகிவிடாது. ஓயாத பயிற்சிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கமாண்டோக்களும், அமெரிக்க உளவுப் படையினரும் அவரிடமே பயிற்சி பெற்றார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

அவர் காலத்தின் கடைசியில், 1950-களின் இறுதியில், கலிபோர்னியாவில் வேகப் போட்டிகள் நடந்தன. போட்டியாளர்கள் பலரும் இடுப்பளவிலிருந்தே படபடவென்று சுட்டுத் தவறவிட்டார்கள். ஜாக் வீவர் என்ற போலீஸ்காரர் மட்டும் இரண்டு கையால் பிடித்து, கண் உயரத்துக்குத் தூக்கி, சைட்டைப் பார்த்துச் சுட்டு ஜெயித்தார். இதைக் கவனித்த ஜெஃப் கூப்பர், அதையே ஒரு பயிற்சி முறையாக வளர்த்தெடுத்தார். குறிபார்க்கப் பழகியவருக்கு அது அவ்வளவு நேரம் எடுக்காது என்பதே இவர்களின் வாதம்.

இந்த வாதத்தில் நியாயம் உண்டு. தவறிய தோட்டா காற்றில் மறைவதில்லை. கூட்டமான தெருவில் அது யாரோ ஒருவர் மீது பாயலாம். ஆனா, கை நீட்டினால் தொடும் தூரத்தில் துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கினால், எதிரியே அதைத் தட்டிப் பறித்துவிடலாம்.

அதனால்தான் இன்று பல பயிற்சியாளர்கள் இரண்டையுமே சொல்லித் தருகிறார்கள். தொடும் தூரம் என்றால் உடல் இயல்பை நம்பு, சில அடிகள் தள்ளி என்றால் முன் சைட்டை ஒரு பார்வை பார், இன்னும் தூரம் என்றால் முழுசாகக் குறிபார்.

ஃபேர்பேர்ன் 1960-ல் தனது 75-வது வயதில் இங்கிலாந்தில் காலமானார். அவர் எழுப்பிய கேள்விக்கு ஒரே விடை இன்னும் இல்லை. எத்தனை அடி தூரம், எவ்வளவு வெளிச்சம், பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது மாறுகிறது.