ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்ட ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் பிறந்தவர். இளமையில் திண்டிவனத்தில் தந்தையாருடன் தங்கியிருந்த காலத்து, ஓரிரவில் ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையுற்ற தத்தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். தந்தையார் தேர்ந்த வைத்தியர். ஆயினும் ஆடவர் என்பதால் அவரை ஏற்றிலர். அம்மையாரோ அன்று மருத்துவம் கல்லாதவர். விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே அம்மையாரை மருத்துவத்தின்பால் திருப்பிற்று. அமெரிக்காவிற் கற்று 1900இல் மீண்ட அவர், வேலூரில் 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், 1918இல் மாதர்க்கு மருத்துவப் பள்ளியும் கண்டார்; 1960இல் மறைந்தார். வைத்தியர் அருகிருந்தும் வழக்கமே அம்மூவர் உயிரை வாங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது. கட்டுமாவடியிலும் சுற்றூர்களிலும் வாழும் நம்மவர், கருவுற்ற பெண்டிரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பெண்மக்களை மருத்துவம் பயிற்றுக.