நகரசபைக்கு நூலகம் தந்த அமரர் க. மு. செல்லப்பா

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னே வீற்றிருக்கும் சரஸ்வதியை எமது அடியார்களில் அநேகர் கண்டிருப்பீர்கள். அந்த அழகிய கட்டிடத்தைப் பற்றிப் பேசும்போது மாநகர முதல்வர்களின் பெயர்கள் வரும், லோங் அடிகளாரின் பெயர் வரும். ஆனால் கட்டிடம் திறக்கப்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னர் இப்பணியைத் தொடக்கி வைத்தவர், நீதிமன்றத்திலே கடமையாற்றிய ஓர் அரச உத்தியோகத்தர். அவரே அமரர் க. மு. செல்லப்பா அவர்கள். அடியேனும் எழுதுவினைஞனாக இருந்து இளைப்பாறியவன் என்பதால் அவர்மீது தனிப்பட்ட பற்று உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

1933ஆம் ஆண்டளவில் செல்லப்பா அவர்கள் தமது வீட்டில் புத்தகங்களை வைத்து, வேண்டியவர்களுக்கு இரவலாகக் கொடுத்து வந்தார். அக்காலத்தில் புத்தகம் வாங்கிப் படிக்கும் வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை. ஒரு வீட்டு அலுமாரி ஊருக்குப் போதாது என்று கண்ட அவர், யாழ்ப்பாணத்தில் இலவச நூலகம் ஒன்று வேண்டும் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1934ஆம் ஆண்டு கற்றோரும் பெரியோரும் கூடிக் குழு ஒன்றை அமைத்தனர். நீதிபதி ஒருவர் தலைவரானார். செல்லப்பா அவர்கள் செயலாளர் பொறுப்பை ஏற்றார். சபை நடத்திப் பழகியவர்களுக்கு அந்தப் பதவியின் பாரம் தெரியும். தலைவர் கூட்டத்துக்கு வந்து போவார். கடிதம் எழுதுவதும், பணம் சேர்க்கப் படி ஏறுவதும், ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைப்பதும் செயலாளர் தலையிலேதான் விழும்.

1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் சிறிய வாடகை அறை ஒன்றிலே நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கு இருந்தவை 844 புத்தகங்களும், சுமார் 30 பத்திரிகை சஞ்சிகைகளுமே.

ஐந்து மாதங்கள் கழித்து நடந்ததே என்னை அதிகம் சிந்திக்க வைப்பது. 1935 சனவரி 1ஆம் திகதி அந்த நூலகம் யாழ்ப்பாண நகரசபையிடம் கையளிக்கப்பட்டது. பாடுபட்டுத் தொடங்கிய ஒன்றை இவ்வளவு விரைவில் பிறர் கையில் ஒப்படைப்பது இலகுவான காரியமல்ல. கோயில் காரியமோ வாசிகசாலைக் காரியமோ, சாவியைக் கொடுக்க மனமில்லாமல் கெட்டுப்போனவை எத்தனை! சந்தாவையும் நன்கொடையையும் நம்பிய சங்கம், அதை நடத்துபவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடும். நகரசபைக்கோ வரி வருமானம் உண்டு, சம்பளத்துக்கு ஆள் உண்டு, ஆண்டுதோறும் கணக்காய்வு உண்டு. உறுப்பினர்கள் மாறினாலும் சபை இருக்கும். கந்தோர் நடைமுறை அறிந்த செல்லப்பா அவர்களுக்கு இது விளங்காமல் இருந்திருக்க முடியாது.

பின்பு நூலகம் நகர மண்டபத்துக்கு அண்மையில் இடம் மாறியது. 1949இல் நகரசபை மாநகரசபையாயிற்று. முதலாவது முதல்வர் சாம் சபாபதி அவர்களின் காலத்தில் புதிய கட்டிடத்துக்கான முயற்சி தொடங்கியது. லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். களியாட்ட விழா நடத்தியும் பணம் திரட்டினர். இந்தியாவின் நூலகத்துறை அறிஞர் இரங்கநாதன் அவர்களின் ஆலோசனையும், சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் அவர்களின் வரைபடமும் கிடைத்தன. 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி முதல்வர் அல்பிரட் துரையப்பா அவர்கள் அதனைத் திறந்து வைத்தார். 844 புத்தகங்கள் ஏறத்தாழ 97,000 ஆகப் பெருகின.

அவை 1981 மே 31 நள்ளிரவை அடுத்துத் தீக்கிரையாயின. அப்பொழுது அடியேனுக்கு இருபது வயது மட்டில். பரீட்சைக்கு அங்கிருந்துதான் படித்தேன். சில நாட்களின் பின் சென்று பார்த்தபோது கருகிய சுவர்களே நின்றன. அன்று செல்லப்பா என்ற பெயரை நான் அறிந்திருக்கவில்லை. பல வருடங்கள் கழித்து, இளைப்பாறிய பின்னரே, பழைய மலர் ஒன்றிலே வாசித்து அறிந்தேன்.

எரிந்த கட்டிடம் மீள எழுப்பப்பட்டது. சரஸ்வதியும் வாசலில் இருக்கிறாள். 1935இல் அவரும் அவரது குழுவினரும் ஒப்படைத்தவாறே, நூலகம் இன்றும் மாநகரசபையின் பொறுப்பிலேயே நடந்து வருகிறது.