ரோலிங் ஸ்டோன்ஸ்: பேண்டை ஆரம்பித்தவரே வெளியேற்றப்பட்டது ஏன்? பிரையன் ஜோன்ஸின் கதை

ரோலிங் ஸ்டோன்ஸ் என்றதும் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்ற 2 பெயர்கள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா, அந்த பேண்டைத் தொடங்கியதும் பெயர் வைத்ததும் அவர்கள் இல்லை. அவர் பிரையன் ஜோன்ஸ். 27 வயதில் இறந்துபோனவர். பேண்டின் ஆரம்பகால ரெக்கார்டிங்குகளைக் கேட்டால் அது யாருடைய பேண்டாக இருந்தது என்பது புரிந்துவிடும்.

1942 பிப்ரவரி 28-ல் இங்கிலாந்தின் செல்ட்னம் நகரில் பிறந்தார். அப்பா விமானப் பொறியாளர், அம்மா பியானோ டீச்சர். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இருந்தும் கிளாரினெட், சாக்ஸபோன், கிட்டார் எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார்.

அவரைக் கட்டிப்போட்டது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. குறிப்பாக எல்மோர் ஜேம்ஸின் ஸ்லைடு கிட்டார். விரலில் சின்னக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பிகள்மேல் இழுத்து வாசிக்கும் முறை அது. 1962 ஏப்ரலில் லண்டனின் ஈலிங் கிளப்பில், எல்மோ லூயிஸ் என்ற பெயரில் பிரையன் அதை வாசிக்க, பார்த்து அசந்துபோனவர்கள்தான் மிக்கும் கீத்தும்.

அடுத்த மாதமே ஆட்கள் தேவை என ‘ஜாஸ் நியூஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார் பிரையன். முதலில் வந்தவர் பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட். பிறகு மிக், கீத். மடி வாட்டர்ஸ் பாடல் ஒன்றின் தலைப்பே பேண்டின் பெயரானது.

1963 மார்ச்சில் லண்டன் ஐ.பி.சி. ஸ்டுடியோவில் 5 பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஒன்றுகூட சொந்தப் பாட்டு இல்லை. போ டிட்லி, ஜிம்மி ரீட் போன்றவர்களுடையவை. 2012-ல்தான் இவை அதிகாரப்பூர்வமாக வெளிவந்தன.

வித்தியாசம் தெரிய ஒரு பாட்டு போதும். ‘ஐ வான்னா பி யுவர் மேன்’, லெனன் - மெக்கார்ட்னி எழுதியது. 1963 நவம்பரில் பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ் இரண்டு பேண்டுகளின் பதிவும் வெளியானது. பீட்டில்ஸுக்காக ரிங்கோ பாடியது ஜாலியான பாட்டு. ஸ்டோன்ஸ் பதிவிலோ பிரையனின் ஸ்லைடு கிட்டார் முழுக்க உறுமுகிறது. வரிகள் அதேதான், ஆனா பாட்டு வேற. அடுத்த ஆண்டு அதே ஸ்லைடோடு வந்த ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது? பிரையனுக்குப் பாட்டு எழுத வரவில்லை. அடுத்தவர் பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் நிலைக்க முடியாது என நினைத்த மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம், மிக்கையும் கீத்தையும் எழுத வைத்தார். ராயல்டி அவர்களுக்குப் போனது, அதிகாரமும் போனது. 1966-ல் வந்த ‘ஆஃப்டர்மேத்’ ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் அவர்களுடையது. பிரையன் மீதும் தப்பு இருந்தது. தலைவர் என்று சொல்லி மற்றவர்களுக்குத் தெரியாமல் வாரம் 5 பவுண்டு கூடுதலாக வாங்கியது யாருக்கும் மறக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பாடல்களுக்கு நிறம் கொடுத்தது யார்? ‘பெயின்ட் இட் பிளாக்’கில் வரும் சிதார், ‘அண்டர் மை தம்ப்’பில் வரும் மரிம்பா, ‘ரூபி டியூஸ்டே’யில் வரும் புல்லாங்குழல் போன்ற ரெக்கார்டர், எல்லாமே பிரையன். பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாசித்துக் கொடுத்ததற்குப் பங்கு கிடையாது என்பதுதான் அன்றைய வழக்கம்.

பிறகு போதைப்பொருள், கோர்ட் கேஸ், ஸ்டுடியோவுக்கு வராத நாட்கள். 1968-ல் பதிவான ‘நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ பாடலில்தான் அந்தப் பழைய ஸ்லைடு கடைசியாக ஒருமுறை உருக வைத்தது.

1969 ஜூனில் மிக், கீத், டிரம்மர் சார்லி வாட்ஸ் மூவரும் சசெக்ஸில் இருந்த பிரையன் வீட்டுக்கே போய், இனி பேண்டில் இடமில்லை என்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 3-ம் தேதி அதே வீட்டு நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தார். தவறுதலாக நேர்ந்த மரணம் என விசாரணை முடிந்தது. கொலை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

2 நாள் கழித்து, புது கிட்டாரிஸ்ட் மிக் டெய்லரோடு லண்டன் ஹைட் பார்க்கில் ஸ்டோன்ஸ் மேடையேறியது. ஏற்கெனவே திட்டமிட்ட கச்சேரி, பிரையனுக்கான அஞ்சலியாக மாறியது.