வாயில் திறந்த வழக்கறிஞர்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவர் உடுத்தும் உடையைக் கொண்டே அவருடைய தகுதியை அளக்க முற்படுவது உலக இயல்பு. ஆயின், ஒரே உடை அதனை அணிபவர் யார் என்பதற்கேற்ப வெவ்வேறு பொருள் தருவதும் உண்டு. வெள்ளையர் அணிந்தபோது ஒழுங்கு எனக் கருதப்பட்ட ஒரு பொருள், தமிழர் ஒருவர் அணிந்தபோது அவமதிப்பு எனக் கருதப்பட்டது. அவ்வேற்றுமைக்கு இணங்க மறுத்து, ஒரு சோடிக் காலணியின் பொருட்டுப் பாரிஸ் மாநகரின் தலைமை நீதிமன்றம் வரை வழக்காடி வென்றவர், புதுச்சேரியில் வாழ்ந்த பொன்னுத்தம்பி பிள்ளை ஆவார்.

பொன்னுத்தம்பியாரின் வரலாற்றை அறியுமுன் அவர் வாழ்ந்த ஊரின் நிலையை அறிதல் வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1674ஆம் ஆண்டில் புதுச்சேரியில் குடியேறினர். நாளடைவில் அந்நகர் இரு கூறாயிற்று. இடையே ஓடிய பெரிய வாய்க்கால் எல்லையாக, கிழக்கே கடலை அடுத்திருந்த பகுதி வெள்ளையர் நகர் என்றும், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகர் என்றும் பெயர் பெற்றன. ஊரைப் பிரித்த வாய்க்காலைப் போலவே உடையும் மக்களைப் பிரித்தது. ஐரோப்பியரைப் போல உடுத்தித் தொப்பி அணிந்த ஒரு வகுப்பினரைத் தொப்பி அணிவோர் என்னும் பெயராலேயே பிரெஞ்சு ஆட்சியினர் தனியே குறித்தனர். தலையில் இருந்த தொப்பியே அவர்களைப் பிற தமிழரினின்று வேறுபடுத்தும் அடையாளமாயிற்று.

காலில் அணிவதும் அவ்வாறே பெருமையையும் சிறுமையையும் காட்டுவதாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆளுநர் தூப்ளேக்கிசின் துபாசியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பாதரட்சை அணிந்தவாறே ஆளுநர் மாளிகைக்குள் செல்லலாம் என்பது அவருக்குத் தனிச்சிறப்பாக அளிக்கப்பட்ட உரிமையாகும். ஒருவருக்கு அது சிறப்பு என்றால், ஏனையோர்க்கு அவ்வுரிமை இல்லை என்பது தானே விளங்கும்.

நம் முன்னோர் கோயிலிலும் வீட்டிலும் நுழையும்போது மிதியடியை வாயிலில் விட்டுச் செல்வர், தலைப்பாகையை எடுக்கமாட்டார். ஐரோப்பியரோ அவைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றுவர். காலில் உள்ள சப்பாத்தைக் கழற்றமாட்டார். இரண்டும் மரியாதையே, வழிதான் வேறு. இரு வழக்கங்களும் ஓர் அவையில் கூடியபோது சிக்கல் தோன்றியது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் இச்சிக்கல் எழுந்தது. அங்கு 1854ஆம் ஆண்டில், ஐரோப்பிய முறைச் சப்பாத்தும் காலுறையும் அணிந்த இந்தியர் அவற்றுடனேயே அரசவைக்கு வரலாம் என்று கல்கத்தாவில் ஆணை பிறந்தது. இந்திய முறைச் செருப்பு அணிந்தவர் மட்டும் அதனைக் கழற்றியே ஆகவேண்டும்.

புதுச்சேரியில் வேறொரு சட்டமும் நடைமுறையில் இருந்தது. இந்தியர்க்கு அவரவர் சாதி, சமய வழக்கங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று 1819ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியினர் உறுதி கூறியிருந்தனர். பழைய வழக்கங்களைக் காப்பதே அதன் நோக்கம். எனினும், காலப்போக்கில் அவ்வுறுதிமொழி தமிழரைச் சுற்றி எழுப்பிய வேலியும் ஆயிற்று. வெள்ளையர்க்கு ஒரு சட்டம், தமிழர்க்கு ஒரு சட்டம் என்று ஆனபின், வெள்ளையர்க்கு ஒரு மரியாதை, தமிழர்க்கு ஒரு மரியாதை என்பதும் எளிதாகிவிட்டது.

இத்தகைய நகரில் பொன்னுத்தம்பியார் நீதிமன்றத் தொழிலை மேற்கொண்டார். பிரெஞ்சு மொழியையும் பிரெஞ்சுச் சட்டத்தையும் கற்றுத் தேர்ந்து, வழக்குரைக்க உரிமம் பெற்றவராக விளங்கினார். சட்டத்தின் முன் மாந்தர் அனைவரும் நிகர் என்னும் கொள்கையைப் பிரெஞ்சுப் புரட்சி 1789ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்திருந்தது. அக்கொள்கையில் பிறந்த சட்ட நூல்களைக் கற்ற ஒருவர், அவற்றைக் கையாளும் மன்றத்திலேயே ஏற்றத்தாழ்வைக் கண்டால் எங்ஙனம் வாளா இருத்தல் கூடும்?

1873ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சி நடந்தது. இந்தியர் காலணியை வாயிலில் விட்டுவிட்டு நீதிமன்றத்துள் வருதல் வேண்டும் என்பது ஊர் வழக்கம். பொன்னுத்தம்பியார் ஐரோப்பிய முறைச் சப்பாத்தும், மேசோடு என்னும் காலுறையும் அணிந்தவராய் மன்றத்துள் புகுந்தார். அதே மன்றத்தில் வெள்ளையர் அத்தகைய சப்பாத்துடனேயே அமர்ந்திருத்தல் இயல்பு. அதனைக் குற்றம் என எவரும் எண்ணியதில்லை. ஆயின், தமிழர் ஒருவரின் காலில் அதனைக் கண்ட நீதிபதி, மன்றத்தை அவமதித்த செயலாகக் கொண்டு அவர்மீது நடவடிக்கை எடுத்தார்.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். வழக்குரைத்து வாழ்பவர்க்கு நீதிபதியின் நல்லெண்ணம் இன்றியமையாதது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றே இடர் நீங்கியிருக்கும். காலணிக்காக ஒருவர் தம் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதா என்று கேட்போர் எக்காலத்தும் இருப்பர். பொன்னுத்தம்பியார் அவ்வழியை நாடவில்லை. இன்னார் அணிந்தால் குற்றமில்லை, இன்னார் அணிந்தால் குற்றம் என்று கூறுவது சட்டமாகுமா என்பதே அவ்வழக்கின் உள்ளே கிடந்த வினா. அவ்வினாவுக்கு விடை காணாமல் அவர் அமையவில்லை.

அவர் தம் வழக்கைப் பாரிஸ் நகரத்துத் தலைமை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். கசாசியோன் எனப்படும் அம்மன்றம், கீழ் மன்றங்கள் சட்டத்தைச் சரிவரக் கையாண்டனவா என்பதை ஆராயும். பிழை காணின் அத்தீர்ப்பை உடைத்தெறியும். உடைத்தல் என்பதே அப்பெயரின் பொருள். கடல்வழியே பல ஆயிரம் கல் தொலைவிலிருந்த அம்மன்றத்தில் அவருக்காக வழக்காடியவர் சூல் கொதேன் என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர். தீர்ப்புப் பொன்னுத்தம்பியாருக்குச் சார்பாக அமைந்தது. அவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை செல்லாதாயிற்று. கறுப்பர் நகரைச் சேர்ந்த ஒருவர், ஆளும் இனத்தாரின் நீதிபதியை எதிர்த்து, அவர்தம் தலைநகரிலேயே வென்றார் என்னும் செய்தி புதுச்சேரி மக்களின் உள்ளத்தில் ஊக்கத்தை விதைத்தது. அவருக்காக வழக்காடிய கொதேன், 1876ஆம் ஆண்டில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு மக்கள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொன்னுத்தம்பியார் இவ்வெற்றியோடு நின்றுவிடவில்லை. காலணியில் கண்ட வேற்றுமைக்கு வேர், இனத்துக்கு ஒரு சட்டம் என்னும் அமைப்பிலேயே உள்ளது என்று அவர் கருதினார். அவ்வமைப்பை விட்டு வெளியேற விரும்புவோர்க்கு வழி திறக்கவேண்டும் என்று முயன்றோருள் அவர் தலைசிறந்து விளங்கினார். 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, விரும்பும் இந்தியர் தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்படலாம். அங்ஙனம் துறந்தவர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்து பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். ஒருமுறை துறந்தால் மீளப் பெறுதல் இயலாது. இவர்கள் ரெனோன்சான்கள், அதாவது துறந்தவர்கள் எனப்பட்டனர்.

பொன்னுத்தம்பியார் இவ்வாணையை ஏற்று, லபோர்த்து என்னும் பெயரைத் தம் குடும்பப் பெயராகக் கொண்டார். வாயிற்கதவு என்பது அச்சொல்லின் பொருள். வாயிலில் காலணியை விடமறுத்தவர்க்கும், பிறர் நுழைய வாயில் திறந்தவர்க்கும் அதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது.

இம்முயற்சியை ஊரார் அனைவரும் வரவேற்றனர் என்று கூறுதல் உண்மையாகாது. நடா சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் ஒரு பெருங்கட்சி இதனைக் கடுமையாக எதிர்த்தது. முன்னோர் வழக்கத்தைத் துறப்பது நம்மை நாமே துறப்பதாகும் என்பது அவர்தம் கருத்தின் சாரம். சாதியில் உயர்ந்தோர் எனப்பட்டவருள் பெரும்பாலோர் துறவாது நின்றனர். கிறித்தவரும், தாழ்த்தப்பட்ட மக்களுமே மிகுதியாக அவ்வாயிலை நாடினர். அதற்குக் காரணம் உண்டு. வெள்ளையர் அவையில் காலணிக்குத் தடை என்று நாம் வருந்திய காலத்திலேயே, நம் சிற்றூர்களில் உயர்சாதியார் தெருவழியே தாழ்த்தப்பட்டோர் செருப்பணிந்து நடத்தல் கூடாது என்னும் கொடிய வழக்கத்தை நாமே காத்துவந்தோம். பிறர் நமக்கு இழைத்த சிறுமையைக் கண்ட கண், நாம் பிறர்க்கு இழைத்த சிறுமையைக் காணாதிருந்தது. பழைய வழக்கத்தால் பெருமையுற்றோர் அதனைப் போற்றினர். சிறுமையுற்றோர் அதனை விட்டு நீங்கினர்.

சட்டத்தைத் துறந்தவர்க்கேனும் முழு நிகர்மை கிட்டியதா? அதுவும் இல்லை. 1884ஆம் ஆண்டில் வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தனர். ஐரோப்பியரும் அவர் வழியினரும் முதற் பட்டியலிலும், துறந்தவர் இரண்டாம் பட்டியலிலும், ஏனைய இந்தியர் மூன்றாம் பட்டியலிலும் வைக்கப்பட்டனர். சட்டத்தாலும் பெயராலும் பிரெஞ்சுக்காரராகிய பின்னும், தோலின் நிறம் அவர்களை வேறாகவே நிறுத்தியது. அப்பட்டியல்கள் முற்றும் நீங்கி ஒரே பட்டியல் ஆனது 1945ஆம் ஆண்டில்தான். எனினும், துறந்தவர் பலர் கல்வியாலும் அரசுப் பணியாலும் உயர்ந்தனர். கடல் கடந்து சைகோன் முதலிய இடங்களுக்குச் சென்று அலுவல் பார்த்தனர்.

பொன்னுத்தம்பியாரின் வழக்குக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1893ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகர நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞர் ஒருவர் தலைப்பாகையுடன் அமர்ந்திருந்தார். அதனைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தார். அவர் கழற்ற மறுத்து மன்றத்தை விட்டு வெளியேறினார். அவரே காந்தியடிகள். புதுச்சேரித் தமிழர் அணிந்தது ஐரோப்பிய உடை. காந்தியடிகள் தலையில் அணிந்தது நம் நாட்டு உடை. ஒருவரிடம் காலில் உள்ளதைக் கழற்றச் சொன்னார்கள். மற்றவரிடம் தலையில் உள்ளதைக் கழற்றச் சொன்னார்கள். எனவே, அங்கெல்லாம் குற்றமாகக் காணப்பட்டது உடை அன்று. அதனை அணிந்தவரின் இனமே என்பது தெளிவாகும்.

பின்னாளில் காந்தியடிகள் 1921ஆம் ஆண்டில் மதுரையில் அரையாடை பூண்டார். 1931ஆம் ஆண்டில் அவ்வுடையுடனேயே இலண்டன் அரண்மனைக்குச் சென்றார். ஐரோப்பிய உடையைத் தம் உரிமையாகக் கொண்டவர் ஒருவர். அதனை நீக்கித் தம் நாட்டு ஏழையின் உடையைத் தம் பெருமையாகக் கொண்டவர் ஒருவர். இருவர் வழியும் எதிரெதிர் எனத் தோன்றும். எனினும், எதனை உடுத்தல் வேண்டும் என்பதைப் பிறர் தம் இனச்செருக்கால் கட்டளையிடுதல் தகாது என்பதில் இருவர் செயலும் ஒன்றுபடுகின்றன.

இன்று புதுச்சேரி நீதிமன்றத்தில் எக்குலத்தாரும் எச்சமயத்தாரும் ஒரே வகைக் கறுப்பு அங்கி அணிந்து வழக்குரைக்கின்றனர். அவர் காலில் உள்ள சப்பாத்தை எவரும் நோக்குவதில்லை. அங்ஙனம் நோக்காதிருத்தலே பொன்னுத்தம்பியாரின் வெற்றி. பள்ளியிலோ தெருவிலோ ஒருவரின் உடையைக் கண்டு இவர் இத்தகையவர் என்று நம் மனம் முடிவு கட்ட முந்தும்போது, அவ்வுடையை வேறொருவர் அணிந்திருந்தால் நாம் அவ்வாறே எண்ணுவோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. 1873ஆம் ஆண்டில் அவ்வினாவைக் கேட்டிருக்க வேண்டியவர் ஒரு நீதிபதி. அவர் கேட்கத் தவறியதை நாம் கேட்கத் தவறாதிருத்தல் கடன்.